சுண்ணாம்பு இட முடியாத கடல்

கரியமில வாயு என்ற பெயருக்குள்ளேயே அமிலம் இருக்கிறது. அந்த வாயு நீரில் கரைந்தால் அமிலம் பிறக்கும் என்பது பள்ளிப் பாடம். கோலி சோடா குடிக்கும்போது நாக்கில் ஏறும் சுறுசுறுப்பு அதற்கு அன்றாடச் சான்று. புவி வெப்பமாதலைப் பற்றி இடைவிடாது பேசும் நாம், அதே வாயு கடலுக்குள் செய்யும் இந்த இரண்டாவது வேலையைப் பற்றி அநேகமாகப் பேசுவதே இல்லை.

பேசியாக வேண்டிய கட்டம் வந்துவிட்டது. மனித வாழ்வுக்குப் பாதுகாப்பான ஒன்பது புவி எல்லைகளில் ஏழாவதாகக் கடல் அமிலமாதலின் எல்லையும் மீறப்பட்டுவிட்டது என்று ஜெர்மனியின் போட்ஸ்டாம் காலநிலை ஆய்வு நிறுவனம் 2025 செப்டம்பரில் அறிவித்தது. அடுத்த மாதமே, 160 அறிவியலாளர்கள் இணைந்து உருவாக்கிய மற்றோர் அறிக்கை, வெப்பமண்டலக் கடல்களின் பவளப்பாறைகள் மீள்வதற்கு அரிய சரிவுக்குள் நுழைந்துவிட்டன என்று எச்சரித்தது. இரண்டு செய்திகளும் தமிழ்நாட்டில் ஓரிரு நாள் பேச்சாகக்கூட நீடிக்கவில்லை. மன்னார் வளைகுடாவைத் தன் எல்லைக்குள் வைத்திருக்கும் மாநிலத்துக்கு இந்த மௌனம் பொருத்தமானதன்று.

நான் இதை ஏலக்காய் மலைகளின் அடிவாரத்தில் உள்ள போடிநாயக்கனூரிலிருந்து எழுதுகிறேன். இந்த ஊருக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி நியாயமானதே. எங்கள் கொட்டகுடி ஆறு வைகையில் கலக்கிறது. வைகையோ அணையையும் கண்மாய்களையும் கடந்து ராமநாதபுரம் பெரிய கண்மாயை அடைகிறது. அங்கும் மிகுந்தால்தான் ஆற்றங்கரை என்ற ஊருக்கு அருகே பாக் நீரிணையில் கலக்கிறது. பெரும்பாலான ஆண்டுகளில் எங்கள் தண்ணீர் கடலைப் பார்ப்பதில்லை. ஆனால், எங்கள் புகை பார்த்துவிடுகிறது. வாகனத்தின் புகையானாலும், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் எரியும் விறகின் புகையானாலும், காட்டுத்தீயின் புகையானாலும் அதிலுள்ள கரியமில வாயு உலகக் காற்றில் கலந்து, அதில் ஒரு பகுதி கடலில் இறங்குகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அமிலமாதல் என்றால் என்னவென்று மலை விவசாயிக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அவர் அதனோடுதான் வாழ்கிறார்.

மலை மண் கற்றுத்தரும் பாடம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கனமழை, மண்ணிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அடித்துச் சென்றுவிடுகிறது. அதன் மேல் ஆண்டுக்காண்டு இடப்படும் தழைச்சத்து உரங்களும் சேர்ந்து மண்ணை அமிலமாக்குகின்றன. ஏலத்துக்கு உகந்த கார அமில நிலை ஏறத்தாழ 5.5 முதல் 6.5 வரை. அது 5-க்குக் கீழே இறங்கினால், எவ்வளவு உரமிட்டாலும் செடி எடுத்துக்கொள்வதில்லை, வேர் நலிகிறது. அதனால்தான் மண் பரிசோதனை செய்து, தேவையான அளவுக்குச் சுண்ணாம்போ டோலமைட்டோ இடுகிறார்கள். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பது விவசாயிகளுக்கு மனப்பாடம். நோயும் தெரியும், மருந்தும் தெரியும், மருந்தின் விலையும் தெரியும்.

கடலில் நடப்பதும் இதே வகையான கணக்குதான், அளவுதான் வேறு. தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. மனிதர்கள் ஆண்டுதோறும் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அவ்வாறு உறிஞ்சாமல் இருந்திருந்தால் நிலத்தின் வெப்பம் இன்னும் கூடியிருக்கும். அந்த உதவிக்குக் கடல் கொடுத்த விலை, தன் கார அமில நிலையை இழந்ததுதான். சுமார் 8.2 ஆக இருந்த மேற்பரப்பு நீரின் அளவு இன்று 8.1-க்கும் கீழே வந்துவிட்டது.

இந்த வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஆனால், நிலநடுக்கத்தின் ரிக்டர் அளவைப் போல இதுவும் ஒவ்வோர் எண்ணுக்கும் பத்து மடங்காக மாறும் அளவுகோல். அந்தச் சிறிய இறக்கத்தின் உண்மையான பொருள், கடல் நீரில் அமிலத்தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனிகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டன என்பதே. கடல் அமிலமாக மாறிவிட்டது என்று இதற்குப் பொருளன்று. அது இன்னும் காரத்தன்மை உடையதாகவே இருக்கிறது, இனியும் இருக்கும். ஆனால், காரத்திலிருந்து அமிலத்தை நோக்கி அது நகரும் வேகம்தான் உயிர்களுக்குச் சிக்கல். மிக நீண்ட கால நிதானத்தில் மாறிய ஒன்றுக்கு இசைந்து வாழப் பழகிய உயிரினங்களிடம், இருநூறு ஆண்டுகளுக்குள் மாறிக்கொள்ளுமாறு நாம் கேட்கிறோம்.

பவளத்தின் கொத்து வேலை

பவளப்பாறை என்பது பாறையன்று; கட்டடம். மென்மையான உடல் கொண்ட கோடானுகோடிச் சிறு உயிரிகள், கடல் நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து, அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமமாக்கித் தங்களுக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. ஒரு தலைமுறையின் வீட்டின் மேல் அடுத்த தலைமுறை கட்டுகிறது. மன்னார் வளைகுடாவின் புகழ்பெற்ற முத்தும் இதே அரகோனைட்டால் ஆனதுதான். கொற்கைத் துறைமுகம் எந்தப் பொருளால் உலகப் புகழ் பெற்றதோ, அந்தப் பொருளின் வேதியியல்தான் இன்று மாறிக்கொண்டிருக்கிறது.

கரியமில வாயு கூடும்போது கடலில் கால்சியம் குறைவதில்லை. குறைவது கார்பனேட். பெருகிய ஹைட்ரஜன் அயனிகள் கார்பனேட்டைப் பிடித்துக்கொண்டு பைகார்பனேட்டாக மாற்றிவிடுகின்றன. கட்டடம் கட்டும் கொத்தனாரிடம் செங்கல் இருக்கிறது, ஆனால் சாந்து தட்டுப்பாடாகிவிட்டது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பவள உயிரி கைகட்டி நின்றுவிடுவதில்லை. தன் எலும்புக்கூடு உருவாகும் மெல்லிய இடைவெளியிலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே இறைத்துக்கொண்டே கட்டுகிறது. அந்த இறைப்புக்குச் சக்தி வேண்டும். அந்தச் சக்தி, வளர்ச்சியிலிருந்தும் இனப்பெருக்கத்திலிருந்தும் நோயெதிர்ப்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது. வரவு அதே அளவில் நிற்க விலைவாசி மட்டும் ஏறிய குடும்பத்தின் நிலைதான் அது.

பவளம் மட்டும் பாறையைக் கட்டுவதில்லை. உதிர்ந்த துண்டுகளைப் பூசி ஒட்டவைப்பவை, இளஞ்சிவப்பு நிறத்தில் படர்ந்து வளரும் ஒருவகைச் சுண்ணாம்புப் பாசிகள். நீரில் மிதந்துவரும் பவளக் குஞ்சுகள் எங்கே அமர்ந்து வேர்பிடிக்கலாம் என்று அடையாளம் காட்டுபவையும் அவையே. அவற்றின் சுண்ணாம்பு, பவளத்தின் சுண்ணாம்பைவிட எளிதில் கரையக்கூடியது. எனவே அமிலமாதல் முதலில் தாக்குவது இந்தப் பூச்சு வேலையைத்தான். மறுபுறம், பாறையைத் துளைத்து வாழும் கடற்பஞ்சுகளின் வேலை எளிதாகிறது. கட்டுவது மெதுவாகிறது, இடிப்பது விரைவாகிறது. எந்த நாளில் இடிப்பு கட்டுமானத்தை விஞ்சுகிறதோ, அன்று முதல் உயிருள்ள பவளம் கண்ணுக்குத் தெரிந்தாலும் பாறை தேயத் தொடங்கும்.

இவை வெறும் கணிப்புகள் அல்ல. ஆஸ்திரேலியாவின் ஒன் ட்ரீ தீவில் ஆய்வாளர்கள் இயற்கையான பவளப்பாறை மீதே பரிசோதனை செய்தனர். நீரின் வேதியியலைத் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலைக்கு அருகே கொண்டுசென்றபோது பாறையின் சுண்ணாம்பு உருவாக்கம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடியது என்று 2016இல் தெரிவித்தனர். மாறாக, இந்த நூற்றாண்டின் இறுதியில் எதிர்பார்க்கப்படும் அளவுக்குக் கரியமில வாயுவைச் சேர்த்தபோது 34 விழுக்காடு குறைந்தது என்று 2018இல் தெரிவித்தனர். முதல் முடிவுதான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. அமிலமாதலின் இழப்பு எதிர்காலத்தில் வரவிருப்பதன்று. பாறைகள் ஏற்கெனவே தங்கள் முழு வேகத்தில் வளரவில்லை என்பதை அது காட்டுகிறது.

பப்புவா நியூ கினியில் எரிமலை வாயு கடலடியிலிருந்து இயல்பாகவே குமிழிட்டு வரும் இடங்கள் உள்ளன. அங்கே எதிர்காலக் கடலின் மாதிரி இன்றே கிடைக்கிறது. அவ்விடங்களில் பவளங்கள் அடியோடு அழிந்துவிடவில்லை. உருண்டைப் பாறை போன்ற தடித்த பவளங்கள் தாக்குப்பிடிக்கின்றன. கிளைகளும் இதழ்களுமாக விரியும் வகைகள்தாம் அருகிவிடுகின்றன. கிளைகள் இல்லாத இடத்தில் சிறு மீன்களுக்கும் இறால்களுக்கும் நண்டுகளுக்கும் ஒளிந்து வாழ இடமில்லை. காடு தோப்பாகச் சுருங்குவது போன்ற மாற்றம் இது. பச்சை இருக்கும், பல்லுயிர் இருக்காது. கடலடியில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பரப்பில் இருந்துகொண்டு கடல் உயிரினங்களில் கால் பங்குக்கு ஆதரவளிக்கும் அமைப்புக்கு இந்தச் சுருக்கம் பேரிழப்பு.

மிகைப்படுத்துவதும் தவறு. அமிலமான நீரில் பவளப்பாறை மீன்கள் எதிரியின் வாசனையைக் கூட அறியாமல் தடுமாறுகின்றன என்று சில ஆய்வுகள் கூறின. உலகெங்கும் அது பெரிய செய்தியானது. 2020இல் மற்றொரு குழு அதே சோதனைகளை விரிவாக மீண்டும் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. எனவே மீன்களின் நடத்தை குறித்து உறுதியாக எதையும் சொல்வதற்கில்லை. ஆனால், சுண்ணாம்பு வேதியியல் பற்றிய அடிப்படை முடிவு அந்த விவாதத்தால் அசையவில்லை.

மன்னார் வளைகுடாவின் கணக்கு

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி அமைந்தவை மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள். 1986இல் 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமானது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே 117 வகைக் கட்டுமானப் பவளங்களைப் பதிவு செய்துள்ளது.

இந்தப் பவளங்களை நாம் ஏற்கெனவே ஒருமுறை சுண்ணாம்பாக்கிப் பார்த்தவர்கள். பல பத்தாண்டுகள், கடலிலிருந்து பவளத்தை வெட்டி எடுத்து, காளவாய்களில் சுட்டுக் கட்டடச் சுண்ணாம்பாக விற்றோம். ஆலைகளுக்கும் மூலப்பொருளாக அனுப்பினோம். 2001இல் பவளங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, பாறைகள் அலையைத் தடுக்கும் அரண் என்பதைக் கரையோர மக்களே உணர்ந்த நிலையில் வெட்டுதல் ஓய்ந்தது. ஆனால் அதற்குள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் சென்றுவிட்டன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு கரைந்து சிறுத்தது. இன்று செயற்கைப் பாறைகளை இறக்கி அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். அலையின் ஆற்றலில் 97 விழுக்காடு வரை பவளப்பாறைகள் தணிக்கின்றன என்பது உலகளாவிய ஆய்வு முடிவு. அரணை இழந்த தீவு என்னவாகும் என்பதற்கு நம் கடலே சாட்சி.

வெட்டுதல் நின்றதும் பவளங்கள் மெல்ல மீண்டன. அப்போது வெப்பம் வந்தது. 2010இலும் 2016இலும் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடேறி, பவளங்கள் நிறமிழந்து வெளுத்தன. 2016 கோடையில் மட்டும் மன்னார் வளைகுடாப் பவளங்களில் ஏறத்தாழ 16 விழுக்காடு மடிந்தன. 2005இல் 37 விழுக்காடாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு, 2021இல் 27.3 விழுக்காடாகக் குறைந்துவிட்டதாக அந்த நிறுவனத்தின் தொடர் ஆய்வு காட்டுகிறது. 2023இல் தொடங்கிய உலகின் நான்காவது பெரும் வெளுப்பு, 2024 கோடையில் லட்சத்தீவுகளை வாட்டியது. அதே கோடையில்தான் இடுக்கி மலைகளில் ஏலச்செடிகள் கருகின. போடிமெட்டு ஏறி நாள்தோறும் ஜீப்பில் வேலைக்குப் போகும் தொழிலாளர்கள் அந்தக் கோடையின் விலையைத் தங்கள் கூலியில் கண்டனர். மலையில் செடியைக் கருக்கியதும் கடலில் பவளத்தை வெளுத்ததும் ஒரே வெப்பம். அந்த வெப்பத்தின் மூலமும் ஒரே வாயு.

வெளுப்பைக் கண்ணால் பார்க்கலாம், படம் எடுக்கலாம், செய்தியாக்கலாம். அமிலமாதலுக்கு நிறமில்லை. அது பவளத்தைக் கொல்வதில்லை. மீண்டெழும் வேகத்தைத் திருடுகிறது. வெளுப்பில் மடிந்த பாறை மீள்வதற்குப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ தேவைப்படுகின்றன. இன்று ஒரு வெளுப்புக்கும் அடுத்த வெளுப்புக்கும் இடையே அவ்வளவு கால அவகாசம் கிடைப்பதில்லை. அந்தக் குறுகிய அவகாசத்திலும் வளர்ச்சி மெதுவாகிறது என்றால், ஒவ்வொரு வெளுப்புக்குப் பின்னும் பாறை முன்பிருந்ததைவிடத் தாழ்ந்த நிலையிலிருந்தே தொடங்கும். நோயுற்றவர் நோயால் மட்டும் இறப்பதில்லை. தேறுவதற்குச் சத்தில்லாமலும் இறப்பார். அமிலமாதலின் உண்மையான ஆபத்து இதுதான். நம் கொள்கை ஆவணங்கள் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

கடலுக்கு எத்தனை மூட்டை?

மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவது போலக் கடலுக்கும் இட்டால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். விஞ்ஞானிகளும் அதைக் கேட்கிறார்கள், ஆய்வுகள் நடக்கின்றன. ஒன் ட்ரீ தீவுச் சோதனையில் காரப்பொருளைச் சேர்த்துத்தான் நீரின் தன்மையை மாற்றினார்கள். சிறிய பரப்பில், சில மணி நேரத்துக்கு, அது பலித்தது. ஆனால் கடல் ஆண்டுதோறும் உறிஞ்சும் கரியமில வாயு ஏறத்தாழ 1,000 கோடி டன். அதை ஈடுசெய்யும் சுண்ணாம்பின் அளவைக் கணக்கிட்டால், உலகம் ஓராண்டில் உற்பத்தி செய்யும் சிமென்ட்டைவிட அதிகமாக வருகிறது. அதுவும் ஆண்டுதோறும். மேலும், சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும்போதே கரியமில வாயு வெளியேறும். மருந்து தயாரிக்கும் அடுப்பே நோயை வளர்க்கும். ஏலத்தோட்டத்துக்குச் சாத்தியமான தீர்வு கடலுக்கு இல்லை. அங்கே இருக்கும் ஒரே நம்பகமான வழி, அமிலத்தை ஊற்றுவதைக் குறைப்பதுதான்.

"தமிழ்நாடு மட்டும் புகையைக் குறைத்தால் மன்னார் வளைகுடா காப்பாற்றப்படுமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காப்பாற்றப்படாது. கரியமில வாயுவுக்கு எல்லைக்கோடு தெரியாது. நம் கடலில் கரையும் வாயுவின் பெரும்பகுதி, நம்மைவிட நெடுங்காலம் நிலக்கரியை எரித்த நாடுகளிலிருந்து வந்தது. அந்த அநீதியைச் சர்வதேச மன்றங்களில் இந்தியா உரக்கச் சொல்வது சரியே. ஆனால், கடற்கரை அமிலமாதலில் உள்ளூர்ப் பங்கும் உண்டு. அதற்கு நாமே பொறுப்பு. அதைக் குறைப்பதும் நம் கையில் இருக்கிறது.

தேசியக் கடலியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள், வங்கக் கடலின் மேற்குக் கரையோர நீரை ஆராய்ந்து 2015இல் ஒரு முடிவை வெளியிட்டனர். அங்கே காணப்பட்ட அமிலமாதலுக்கு, நிலத்திலிருந்து காற்றில் வந்து படியும் கந்தக, நைட்ரஜன் மாசுகளும் காரணம் என்பதே அந்த முடிவு. அதே 2015இன் இறுதியில்தான் அனல்மின் நிலையங்களின் கந்தகப் புகைக்கு மத்திய அரசு வரம்பு விதித்தது. அதற்கான கந்தக நீக்கக் கருவியைப் பொருத்தும் கெடு பலமுறை தள்ளிவைக்கப்பட்டது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கட்டாயத்திலிருந்தே விலக்கு அளிக்கப்பட்டது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, கருவிக்கு ஆகும் செலவு அதிகம், கருவியே கூடுதல் மின்சாரத்தையும் சுண்ணாம்புக்கல்லையும் கேட்கிறது என்பவை விலக்குக்கு ஆதரவான வாதங்கள். அவை ஒதுக்கத்தக்கவை அல்ல. ஆனால், எந்த நிலையத்துக்கு விலக்கு, எதற்கு இல்லை என்பது பெருநகரங்களிலிருந்தும் காற்று மாசு மிகுந்த பகுதிகளிலிருந்தும் உள்ள தொலைவை வைத்தே வகுக்கப்பட்டது. அந்த அளவுகோலில் கடலுக்கு இடமில்லை. தூத்துக்குடியில் 1,050 மெகாவாட் திறனுள்ள மாநில அனல்மின் நிலையமும், அதன் அருகே 1,000 மெகாவாட் கூட்டு நிறுவன நிலையமும் மன்னார் வளைகுடாவின் கரையிலேயே நிற்கின்றன. இத்தகைய நிலையங்களைப் பற்றி முடிவெடுக்கும்போது, கரையில் வாழும் மனிதரின் நுரையீரலோடு எதிரே வாழும் பவளத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

செய்யத்தக்கவை

முதலாவது, அளவீடு. ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம், நீரின் வெப்பத்தைக் கொண்டு பவள வெளுப்பு எச்சரிக்கைகளை வெளியிட்டு வருகிறது. அதே ஒழுங்குடன், மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கார அமில நிலையையும் கார்பனேட் நிலையையும் இரவுபகலாகப் பதிவு செய்து, பொதுமக்கள் பார்க்கும் வகையில் வெளியிட வேண்டும். ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 14.3 என்ற இலக்கு, கடல் அமிலமாதலைக் குறைப்பதையும் அதைக் கண்காணிப்பதையுமே கோருகிறது. ஏல விவசாயிக்கு மண் அட்டை கொடுக்கும் அரசு, கடலுக்கும் ஓர் அட்டை எழுத வேண்டாமா?

இரண்டாவது, மற்ற சுமைகளை இறக்குவது. அமிலத்தையும் வெப்பத்தையும் ஒரே நாளில் குறைக்க முடியாது. கழிவுநீரைக் குறைக்க முடியும். 2019இல் மண்டபம் அருகே கடலைப் பச்சையாக்கிய நொக்டிலூகா என்ற நுண்ணுயிர்ப் பெருக்கத்தால் நீரில் உயிர்வளி குறைந்து, மீன்களும் பவளங்களும் மடிந்தன. கரையோர நகரங்களின் சாக்கடையும், நிலத்திலிருந்து வரும் உரச்சத்தும், சுருக்குமடியும், பாறைகளின் மீது படரும் அயல் கடற்பாசியும் பவளத்தின் மீளும் திறனைக் குறைப்பவை. இவற்றைத் தடுப்பதற்கு எந்தச் சர்வதேச உடன்பாடும் தேவையில்லை.

மூன்றாவது, கடற்புல். பகலில் கடற்புல் படுகைகள் நீரிலுள்ள கரியமில வாயுவை எடுத்து, தம்மைச் சுற்றியுள்ள நீரின் அமிலத்தன்மையைச் சற்றுத் தணிக்கின்றன. பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடற்பசு காப்பகமாக 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அறிவித்தது. கடற்பசுவுக்காகக் காக்கப்படும் புல், அருகிலுள்ள பவளத்துக்கும் மூச்சுவிட இடம் கொடுக்கும். அந்தக் காப்பகம் அறிவிப்போடு நின்றுவிடாமல், இழுவலையால் உழப்படாத படுகையாக நிலைபெற வேண்டும்.

நான்காவது, எங்கள் மலை. ஏலம் நிழலில் வளரும் பயிர். நிழல் மரம் நிற்கும் தோட்டம் கரிமத்தையும் சேமித்து வைக்கிறது. மரக்கிளைகளை அளவுக்கு மீறிக் கழித்து, வெயிலைத் தாங்கும் ரகங்களை நெருக்கி நடும் போக்கு, வறட்சியில் செடியையும் காப்பாற்றவில்லை என்பதை 2024 காட்டியது. நிழலைக் காப்பதும், ஸ்டோர்களில் விறகுச் செலவைக் குறைக்கும் உலர்த்திகளுக்கு மாறுவதும், கோடைக் காட்டுத்தீயைத் தடுப்பதும் கடலுக்காக நாங்கள் செய்யும் தியாகங்கள் அல்ல. எங்கள் பிழைப்புக்கே அவை வேண்டியவை. இவற்றால் மட்டும் கடலின் வேதியியல் மாறிவிடாது என்பதை நான் அறிவேன். ஆனால், பெரிய நிலையங்களிடம் கணக்குக் கேட்பவர்கள் தங்கள் கணக்கையும் எழுதிவைத்திருப்பது நல்லது.

புவியின் வெப்பம் 1.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் உலகின் வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் 70 முதல் 90 விழுக்காடு வரை இழக்கப்படும். 2 டிகிரி உயர்ந்தால் 99 விழுக்காட்டுக்கு மேல் இழக்கப்படும் என்று காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2018இல் கூறியது. இந்த எண்களைப் படித்துவிட்டு, இனி என்ன பயன் என்று சோர்வது எளிது. ஆனால் 30 விழுக்காடு எஞ்சுவதற்கும் ஒரு விழுக்காடு எஞ்சுவதற்கும் இடையிலான தொலைவு மிகப் பெரியது. பவளம் இருக்கும்வரை பாரை நம்பி வலைவிரிக்கும் மீனவருக்கு மீன் உண்டு. பாறை நிற்கும்வரை தீவு உண்டு. தீவு நிற்கும்வரை எதிர்க்கரை ஊர்களுக்கு அலைத்தடுப்பு உண்டு. அந்தத் தொலைவுக்குள்தான் அடுத்த இருபது ஆண்டுகளில் எடுக்கப்படும் முடிவுகள் ஒவ்வொன்றும் அடங்கியிருக்கின்றன.

ஒருமுறை பவளத்தை வெட்டுவதை நிறுத்தினோம். பாறைகள் மீளத் தொடங்கின. சட்டமும் அறிவியலும் மக்களின் அனுபவமும் ஒன்றுசேர்ந்தால் இந்தக் கடலில் நல்லது நடக்கும் என்பதற்கு அதுவே சான்று. அன்று காளவாயின் நெருப்பு கண்ணுக்குத் தெரிந்தது. அணைப்பது எளிதாக இருந்தது. இன்றைய நெருப்பு ஆயிரம் இடங்களில், கடலைப் பார்த்தறியாத ஊர்களிலும் எரிகிறது. அதைக் குறைக்கும் பொறுப்பு கரையோர மாவட்டங்களுக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது. தூத்துக்குடி மின்நிலையங்களைப் பற்றிய முடிவிலும், அடுத்த நிதிநிலை அறிக்கையிலும் மன்னார் வளைகுடாவின் வேதியியலுக்கு ஒரு பத்தி ஒதுக்கப்படுகிறதா என்பதைத் தேனி மாவட்டத்துக்காரர்களும் கேட்க வேண்டும்.